கம்பி செல்லும் வழி

நுழையும்முன்

மகிழுந்தின் இயந்திரத்துக்கும் பயணிகள் அமரும் அறைக்கும் இடையே ஓர் உலோகச் சுவர் நிற்கிறது. ஓட்டுநர் அதைக் காண்பதில்லை. ஆயினும் வெப்பம், புகை, இரைச்சல் ஆகியவற்றிலிருந்து அவரைக் காப்பது அச்சுவரே. இயந்திரத்தின் நிலையை அறியப் புதிதாக ஒரு மானியைப் பொருத்த விரும்புவோர், அச்சுவரைக் கடந்து ஒரு கம்பியைக் கொண்டுவர வேண்டும். அச்சிறு பணிக்குள் அறிவியலும் பொறுப்பும் எவ்வாறு இணைந்துள்ளன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

விளக்கும் முள்ளும்

ஓட்டுநரின் எதிரே அமைந்த டேஷ்போர்டு எனப்படும் முகப்புப் பலகையில் விரைவையும் எரிபொருள் இருப்பையும் காட்டும் மானிகள் உள்ளன. ஆனால், பல மகிழுந்துகளில் இயந்திர எண்ணெயின் அழுத்தத்தை அறிய ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு. அந்த விளக்குக்கு எரிதல், அணைதல் என்னும் இரண்டே நிலைகள்தாம் தெரியும். அழுத்தம் மிகவும் தாழ்ந்த பின்னரே அது எரியும். அதற்குள் இயந்திரத்தின் உட்பகுதிகள் தேயத் தொடங்கியிருக்கக்கூடும்.

முள் கொண்ட மானி அவ்வாறன்று. அது மாற்றத்தைப் படிப்படியாகக் காட்டுகிறது. பெரும்பாலான மகிழுந்துகளில் குளிர்விப்பு நீர் ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இயங்கும். சுமையுடன் மலைப்பாதையில் ஏறும் வண்டியில் அந்த அளவு சிறிது சிறிதாக உயர்வதை முள் காட்டினால், நீர் கொதிக்கும் முன்பே ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை ஆறவிடலாம். மின்னழுத்த மானியின் பயனும் இத்தகையதே. இயந்திரம் ஓடும்போது பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டிய முள் 12 வோல்ட்டிலேயே நின்றால், மின்கலம் மின்னேற்றம் பெறவில்லை என்பதை வழியில் வண்டி நிற்பதற்கு முன்பே அறியலாம். வருமுன் காத்தலே மானியின் பயன்.

சுவரைக் கடத்தல்

எண்ணெய் அழுத்தத்தையும் நீரின் வெப்பத்தையும் அறியும் உணரிகள் இயந்திரத்தில் பொருத்தப்படுகின்றன. வெப்ப உணரிகள் பலவற்றுள் இருப்பது, வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் ஒரு பொருள். அந்த மாற்றத்தைக் கம்பி சுமந்து வர, முள் அதை அளவாகக் காட்டுகிறது. உணரி சுவருக்கு அப்பாலும் மானி இப்பாலும் இருப்பதால், கம்பி சுவரைக் கடந்தே ஆக வேண்டும்.

தேர்ந்த மின்பணியாளர் முதலில் துளையிடும் கருவியை எடுப்பதில்லை. ஏற்கெனவே உள்ள வழியைத் தேடுவார். தொழிற்சாலையில் அமைத்த கம்பித் தொகுதி ஒரு ரப்பர் உறையின் வழியே சுவரைக் கடந்திருக்கும். சில வண்டிகளில் பயன்படாத துளைகள் ரப்பர் மூடியால் அடைக்கப்பட்டிருக்கும். இவற்றுள் ஒன்றே பெரும்பாலும் போதுமானது. வேறு வழியின்றிப் புதிய துளை இட நேர்ந்தால், சுவரின் இரு பக்கங்களையும் பார்த்த பின்னரே இட வேண்டும். பிரேக் குழாயோ, குளிர்சாதனக் குழாயோ, வேறு கம்பிகளோ மறுபக்கத்தில் இருக்கலாம். துளையிடும் முனை வெளிப்படும் இடம் பணி செய்பவரின் கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதை மறக்கலாகாது.

துளையின் விளிம்பு

துளையிட்ட தகட்டின் விளிம்பு கத்தியைப் போன்றது. இயந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழலும்போது, நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. அந்த அதிர்வில் கம்பி விளிம்போடு ஓயாது உரசும். பொருத்திய அன்று மானி செவ்வனே இயங்கும், மறுமாதமும் இயங்கும். கம்பியின் காப்புறை மட்டும் சத்தமின்றித் தேய்ந்துகொண்டிருக்கும். மகிழுந்தின் உலோக உடல் மின்கலத்தின் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், நேர்முனையிலிருந்து வரும் கம்பியின் செம்பு அவ்விளிம்பைத் தொடும் நொடியில் குறுக்குச்சுற்று நிகழும். 'இன்று இயங்குகிறது' என்பது 'சரியாக அமைந்துள்ளது' என்பதற்குச் சான்றாகாது.

இதைத் தடுப்பது குரோமெட் என்னும் ரப்பர் வளையம். அதன் பள்ளத்தில் தகட்டின் விளிம்பு அடங்கிவிடும்; கம்பி ரப்பரை மட்டுமே தொடும். மழைநீரும் இயந்திர அறையின் புகையும் உள்ளே வாராமல் அடைப்பதும் அவ்வளையமே. விலை மிகக் குறைந்த பொருள், காப்பதோ உயிரை.

உருகி எதைக் காக்கிறது?

மானியின் உள்ளே எரியும் 3 வாட் விளக்கு 12 வோல்ட்டில் கால் ஆம்பியர் மின்னோட்டத்தையே எடுக்கும். ஆனால், அதற்கு மின்சாரம் தரும் மின்கலமோ இயந்திரத்தைக் கிளப்ப நூறு ஆம்பியருக்கு மேலும் தரவல்லது. கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதை ஜேம்ஸ் ஜூல் 1841ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன்படி, 1 ஆம்பியர் செல்லும் கம்பியில் 100 ஆம்பியர் பாய்ந்தால் வெப்பம் 100 மடங்கு அன்று, 10,000 மடங்கு பெருகும். காப்புறை உருகித் தீப்பற்ற நெடுநேரம் ஆகாது. அத்தீ கம்பியின் வழியே பயணிகள் அறைக்குள்ளும் வரக்கூடும்.

இதற்கான காவலே உருகி. மானியைக் காப்பதற்காகவே உருகி என்று பலர் எண்ணுவர். உண்மையில் அது முதன்மையாகக் காப்பது கம்பியை. உருகி தனக்குப் பின்னால் உள்ள கம்பியையே காக்கும். தனக்கு முன்னால், மின்கலம் வரை உள்ள பகுதியைக் காக்காது. ஆகவே, மின்கலத்திலிருந்து நேரடியாகக் கம்பி இழுப்பவர், உருகியை மின்கலத்தின் அருகிலேயே வைக்க வேண்டும். எளிதாக மாற்றலாம் என்று கருதி மானியின் அருகே வைத்தால், ஆபத்து மிகுந்த சுவர்த்துளை காவலின்றி நிற்கும். உருகி மீண்டும் மீண்டும் உருகினால் பெரிய உருகியையோ செம்புக் கம்பியையோ அவ்விடத்தில் இடுவது, அழும் குழந்தையின் வாயைப் பொத்துவது போன்றது. உருகுதல் அதன் குறையன்று. அதுவே அதன் கடமை.

இதைவிடச் சிறந்த வழியும் உண்டு. பல மகிழுந்துகளில் பயணிகள் அறைக்குள்ளேயே உருகிப் பெட்டி உள்ளது. சாவியைத் திருகும்போது மட்டும் மின்சாரம் பெறும் ஓர் இணைப்பிலிருந்து, தனி உருகியுடன் மானிக்கு மின்சாரம் எடுத்தால், மின்கலக் கம்பி சுவரைக் கடக்கவே வேண்டியதில்லை. உணரியின் மெல்லிய செய்திக் கம்பி மட்டுமே கடக்கும். வண்டி நிற்கும்போது மின்கலம் வடிவதும் தவிர்க்கப்படும்.

தெரிந்து தெளிவோம்

உருகு என்னும் வினையோடு 'இ' விகுதி சேர்ந்து உருகி என்னும் பெயர் அமைந்தது. உணரி என்பதும் இவ்வாறே 'உணர்' என்னும் வினையிலிருந்து பிறந்தது. கருவியின் செயலே அதன் பெயராக நிற்பதால், இக்கலைச்சொற்கள் எளிதில் பொருள் உணர்த்துகின்றன.

பணியின் ஒழுங்கு

பணியைத் தொடங்கும்போது முதலில் கழற்ற வேண்டியது மின்கலத்தின் எதிர்முனை. நேர்முனையை முதலில் கழற்றுகையில் திருகுக்கருவி வண்டியின் உடலில் பட்டால், அக்கணமே தீப்பொறி பறக்கும்.

கம்பி செல்லும் பாதை வெப்பம் மிகுந்த புகைபோக்கிக் குழாயையும் சுழலும் விசிறியையும் பட்டையையும் விட்டு விலகியிருக்க வேண்டும். ரப்பர்த் தாங்கிகளின்மேல் இயந்திரம் அசைவதால், கம்பியைச் சிறிது தளர்வாக விட வேண்டும். துளைக்குள் நுழையும் முன் கம்பியைச் சற்றுக் கீழ்நோக்கி வளைத்தால், அதில் வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். உள்ளே வந்த கம்பி மிதிகளிலும் திசைமாற்றித் தண்டிலும் சிக்காதவாறு கட்டப்பட வேண்டும். மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகள் பொதுவாகக் காற்றுப்பைக்கு உரியவை, அவற்றைத் தொடலாகாது. காற்றுப்பை விரியும் வழியில் மானியை அமைத்தலும் கூடாது.

செய்தி மட்டும் வரட்டும்

பிரான்சு நாட்டின் யூஜீன் போர்தோன் வளைந்த குழாயால் அழுத்தத்தை அளக்கும் மானிக்கு 1849ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அம்முறையில் அமைந்த பழைய வண்டிகளின் மானிகளுக்கு, மெல்லிய குழாய் வழியே இயந்திர எண்ணெயே பயணிகள் அறைக்குள் வந்தது. குழாய் உடைந்தால் சூடான எண்ணெய் ஓட்டுநரின் காலில் கொட்டும். பழைய மின்னோட்ட மானிகளுக்கோ, மின்னேற்றும் மின்னோட்டம் முழுவதும் தடித்த கம்பியில் முகப்புப் பலகை வரை வந்து திரும்பியது. பின்னர் மின் உணரிகள் எண்ணெயை இயந்திரத்தோடு நிறுத்தின. மின்னழுத்த மானி, பெருமின்னோட்டம் உள்ளே வரும் தேவையை நீக்கியது.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் புதிய மகிழுந்துகளில் கட்டாயமாக்கப்பட்ட பொது ஆய்வு இணைப்பி, இவ்வழியில் மற்றுமொரு படி. அதில் இணையும் மானி, வண்டியின் சொந்த உணரிகள் தரும் அளவுகளைத் துளையேதும் இன்றிக் காட்டுகிறது. எனினும், வண்டி தானே அளக்காத ஒன்றை அதனால் காட்ட இயலாது. எண்ணெய் அழுத்தத்துக்கு உணரி இல்லாத வண்டிகளில், கம்பி இன்னும் சுவரைக் கடக்கவே வேண்டும்.

இம்மாற்றங்கள் அனைத்திலும் ஓடும் கருத்து ஒன்றே: இயந்திரத்தின் செய்தி உள்ளே வர வேண்டும், அதன் ஆபத்து வெளியே நிற்க வேண்டும். ரப்பர் வளையமும் உருகியும் முகப்புப் பலகையில் தோன்றுவதில்லை. அவற்றைப் பார்த்து எவரும் பாராட்டுவதும் இல்லை. ஆயினும், ஒளிரும் மானியை நம்பி ஒரு குடும்பம் இரவில் பயணம் செய்யும்போது, அந்த நம்பிக்கைக்கு உரியவராகச் செய்வது, எவரும் காணாத இடத்திலும் பணியைச் செம்மையாகச் செய்த கைகளே.

கற்பவை கற்றபின்

1. உருகியை மின்கலத்தின் அருகில் வைப்பதற்கான காரணத்தைப் படம் வரைந்து வகுப்பறையில் விளக்குக.

2. வாகன மின்பணியாளர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றுக்குரிய தமிழ்ச்சொற்களை எழுதுக.