காப்பும் காவலும்: கைதியே காவலரான அமைப்பைத் தமிழில் பெயர்த்தல்

1. சிக்கல்

குற்றவாளிகளை ஒரு விண்கலத்தில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு காப்பாளரை இணைத்து, ஒருவர் திருந்தினால்தான் இருவருக்கும் விடிவு என அமைக்கும் அறிவியல் புனைவுகளைத் தமிழாக்க முற்படுவோர் முதல் பக்கத்திலேயே தடுமாறுகின்றனர். ஆங்கிலத்தில் சிறையைக் காப்பவருக்கு ஒரு சொல், சிறாரைக் காப்பவருக்கு வேறொரு சொல், விடுதியைக் காப்பவருக்கு மற்றொரு சொல் உள. தமிழில் இம்மூவரும் ‘கா’ என்னும் ஒரே வினையடியினின்று பிறந்தவர்கள். காவலர், காப்பாளர், பாதுகாவலர் ஆகியவற்றுள் எதைத் தேர்ந்தாலும் ஒரு பொருள் மிகும். ஒரு பொருள் குறையும்.

இஃது அகராதியைப் புரட்டித் தீர்க்கக்கூடிய சிக்கலன்று. கைதியையும் காவலரையும் ஓர் உறவில் பிணைத்த அமைப்பு கற்பனையில் மட்டும் இருந்ததும் அன்று. சென்னை மாகாணத்திலிருந்து கடல் கடத்தப்பட்டவர்களிடையே அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடைமுறையில் இருந்தது. அதில் வழங்கிய சொற்களை, தமிழும் தெலுங்கும் அருகருகே வாழும் சித்தூர், திருப்பதி வட்டார வழக்குடன் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் பணி. ஒரு பெயர் மனிதரை எங்கே நிறுத்துகிறது, அப்பெயரை விட்டு அவர் வெளியேற வழி உண்டா என்பதே சொல்தேர்வின் அளவுகோலாக வேண்டும் என்பது இங்கு நிறுவ முற்படும் கருத்து.

2. சித்தூரும் தீவாந்தரமும்

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். அதற்கும் முன்னர், கிழக்கிந்தியக் கம்பெனி 1802இல் ஏற்படுத்திய நான்கு மாகாண நீதிமன்றங்களுள் மைய வட்டத்துக்குரியது இங்கே அமைந்தது. அதன் நீதிபதிகள் வலம் வந்து கொடுங்குற்றங்களை விசாரித்தனர். கடுந்தண்டனைகள் சென்னையிலிருந்த ஃபௌஜ்தாரி அதாலத்தின் ஒப்புதலுக்குச் சென்றன. இம்மாகாண நீதிமன்றங்கள் 1843இல் நீக்கப்பட்டன. அக்காலத் தண்டனைகளுள் மக்கள் பெரிதும் அஞ்சியது கடல் கடத்தல்.

அதற்குத் தமிழில் ‘தீவாந்தர சிட்சை’ என்றும், தெலுங்கில் ‘த்வீபாந்தரவாசம்’ என்றும் பெயர். இரண்டும் வடமொழி ‘த்வீபாந்தரம்’ என்பதன் வழிவந்தவை. வடமொழியில் அச்சொல் தண்டனையைக் குறித்ததன்று. பண்டை நூல்களில் அது தென்கிழக்காசியத் தீவுக்கூட்டத்தின் பெயராக வழங்கியதைப் பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி 1931இல் எடுத்துக்காட்டினார். வணிகர் விரும்பிச் சென்ற திசையின் பெயர், கைதிகள் விலங்குடன் அனுப்பப்பட்ட திசையின் பெயராயிற்று. இடம் மாறவில்லை, சென்றவர் நிலை மாறியதால் சொல்லின் பொருள் மாறிற்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இத்தண்டனைக்கு மாறாக ஆயுள் சிறை என்பது 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக வந்தபின் இச்சொல் வழக்கொழிந்தது.

3. நெற்றி எழுத்தும் வகுப்புப் பெயரும்

கம்பெனி ஆட்சியில் ஆயுள் தண்டனை பெற்றோரின் நெற்றியில் குற்றத்தின் விவரத்தை வட்டார மொழியில் பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. அது 1849இல்தான் சட்டத்தால் நீக்கப்பட்டது. தமிழர் ‘தலையெழுத்து’ என்றும் தெலுங்கர் ‘தலராத’ என்றும் விதியைச் சுட்டுவர். அந்த உருவகத்தை ஆட்சியாளர் ஊசியும் மையும் கொண்டு மெய்யாக்கினர். இங்குப் பெயரிடுதல் என்பது விலக்கவியலாத எழுத்து. தண்டனைக் காலம் முடியினும் பெயர் முடியாது.

இதற்கு நேர்மாறான பெயரிடுமுறை சிங்கப்பூரில் உருவாயிற்று. 1824ஆம் ஆண்டு ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கைக்குப் பின், பென்கூலனில் இருந்த இந்தியக் கைதிகள் 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். முதலில் வந்திறங்கியோர் சென்னை மாகாணத்தவர். தொடக்கத்தில் கூலிக்கு அமர்த்திய வெளியாட்கள் காவல் புரிந்தனர். பின்னர் நன்னடத்தையுடைய கைதிகளே படிப்படியாக அப்பொறுப்பை ஏற்றனர். 1845இல் ஆளுநர் பட்டர்வொர்த் வகுத்த விதிகள் கைதிகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தன. முதல் வகுப்பினர் விடுப்புச்சீட்டுப் பெற்று வெளியே வாழ்ந்து தொழில் செய்யலாம். இரண்டாம் வகுப்பினர் பிற கைதிகளை மேற்பார்க்கும் சிறு அலுவலரும், மருத்துவமனை முதலிய இடங்களில் பணிபுரிவோரும் ஆவர். மூன்றாம் வகுப்பினர் சாலை முதலிய பொதுப்பணிகளில் உழைத்தனர். நான்காம் வகுப்பில் புதிதாக வந்தோரும், ஐந்தாம் வகுப்பில் மேலிருந்து தாழ்த்தப்பட்டுக் கடுங்காவலில் வைக்கப்பட்டோரும், ஆறாம் வகுப்பில் முதியோர், நோயுற்றோர், பெண்கள் முதலியோரும் அடங்கினர்.

இவ்வகுப்புகளுள் ஒன்றும் குற்றத்தின் பெயரால் அமையவில்லை என்பது நோக்கத்தக்கது. கொலை, கொள்ளை என்னும் சொற்களுக்கு மாறாக, ஒருவர்மீது எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதே பெயருக்கு அடிப்படையாயிற்று. ஏறவும் இறங்கவும் கூடிய பெயர்கள் இவை.

1850களின் இறுதியில் சிங்கப்பூரில் 2,000க்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தனர். 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித அந்திரேயா பேராலயத்தைக் கட்டியோர் அவர்களே. அதன் சுவர்ப்பூச்சுக்குச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கரு, சர்க்கரை, தேங்காய் நார் ஊறிய நீர் ஆகியன சேர்க்கப்பட்டன. அப்பூச்சு ஆங்கிலத்தில் ‘சுனாம்’ என்றே வழங்கிற்று. 1873இல் இச்சிறையமைப்பு கலைக்கப்பட்டு, எஞ்சியோருட் பலர் அந்தமானுக்கு மாற்றப்பட்டனர். அதன் மேலாளராக இருந்த மக்னேர், பேலிஸ் என்பாருடன் சேர்ந்து 1899இல் வெளியிட்ட நூலுக்குத் ‘தம் காவலர் தாமேயான கைதிகள்’ என்னும் பொருள்படும் தலைப்பை இட்டார்.

4. தண்டல்: கப்பலிலிருந்து சிறைக்கு

கைதியாகவும் காவலராகவும் ஒருங்கே இருந்த இரண்டாம் வகுப்பினருக்குச் சிறைத்துறைச் சொல் எதுவும் பெயராக அமையவில்லை. பியூன், தண்டல், தபேதார் என்பனவே அவர்கள் பதவிப்பெயர்கள். முதலாவது போர்த்துகேய மொழியிலிருந்தும், மூன்றாவது பாரசீகத்திலிருந்தும் வந்தவை. தபேதார் இன்றும் ஆட்சியர் அலுவலக வாயிலில் நம் காதில் விழும் சொல்.

நடுவிலுள்ள ‘தண்டல்’ தனிக் கவனத்துக்குரியது. ஆங்கிலத்தில் ‘டிண்டல்’ என எழுதப்பட்ட இச்சொல்லை மலையாளத் ‘தண்டல்’, தெலுங்குத் ‘தண்டேலு’ ஆகியவற்றோடு இணைப்பது ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. கப்பலில் மாலுமிகளின் தலைவரைக் குறித்தது அது. தூத்துக்குடித் தோணிகளில் தோணித்தலைவருக்குத் தண்டல் என்றே பெயர். நிலத்தில் வேலையாட்குழுவின் தலைவரையும் அது குறிக்கலாயிற்று. மலாயில் ‘தண்டில்’ எனப் புகுந்து தோட்டக் கூலிகளின் மேற்பார்வையாளரைச் சுட்டிற்று. இதனின் வேறான ‘தண்டல்’ தமிழில் வரி வசூலைக் குறிப்பது, இரண்டையும் மயக்கலாகாது.

கப்பலில் தண்டல் என்பவர் மாலுமிகளுக்கு வெளியே நிற்பவரல்லர். அவரும் மாலுமியே, கலம் கவிழ்ந்தால் அவரும் மூழ்குவார். அவ்வுறவுடனேயே அச்சொல் சிறைக்குள் வந்தது எனலாம். விண்கலப் புனைவில் காப்பாளர் கைதியோடு ஒரே கலத்தில் செல்வதும் இத்தகைய உறவே. அதனைச் ‘சிறைக்காவலர்’ என்னும் சொல்லால் தர இயலாது. அச்சொல்லுக்குரியவர் பணி முடிந்து மாலையில் வீடு திரும்புபவர்.

இவ்விடத்தில் இக்கட்டுரையாளர் செய்த பிழையொன்றைக் கூறுவது பயன்தரும். சிங்கப்பூர் வரலாற்றுப் பகுதி ஒன்றைத் தமிழாக்கியபோது, கைதியான காவலரைச் ‘சிறைக்காவலர்’ என்றே முழுவதும் எழுதியிருந்தார். கைப்படியைப் படித்த சித்தூர் நண்பர் ஒருவர், “ஐயா, சிறைக்காவலருக்கு விடுப்புச்சீட்டு எதற்கு?” என்று வினவினார். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லும் இலக்கணப்படி பிழையில்லை. எனினும் நூற்றுக்கணக்கான கைதிகள் அதில் காணாமற் போயிருந்தனர்.

அதனைத் திருத்தக் ‘கைதிக் காவலர்’ எனத் தொகையாக்கினும் ஐயம் நீங்காது. கைதிகளுக்குக் காவலர் என வேற்றுமைத் தொகையாக விரிக்கலாம். கைதியாகிய காவலர் என இருபெயரொட்டுப் பண்புத்தொகையாகவும் விரிக்கலாம். ஒற்று இடுவதோ விடுவதோ இவ்வையத்தைத் தீர்ப்பதில்லை. ஒரே தொடரின் இரு விரிவுகளுக்கும் இடையே உள்ளது ஒரு சிறைச்சுவர். 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிறை அலுவலராக அமர்த்தப்பட்ட கைதிகளைத் தண்டனைச் சட்டப்படி பொது ஊழியராகவே கருத வேண்டும் என்றது. சட்டம் இருநிலையையும் வெளிப்படக் கூறியிருக்க, மொழிபெயர்ப்பு ஒன்றை மறைத்தல் தகாது.

5. சிறை, காவல், காப்பு

தமிழ்ச் ‘சிறை’யும் தெலுங்குச் ‘செர’யும் கன்னடச் ‘செறெ’யும் ஓரினச் சொற்கள். பழந்தமிழில் ‘கற்சிறை’ என்பது நீரைத் தடுக்கும் கல்லணை. சிறையின் கருப்பொருள் தடுத்து நிறுத்துதல் என்பது இதனால் விளங்கும்.

‘காவல்’ அவ்வாறன்று. தெலுங்குக் ‘காவலி’, ‘காபலா’, ‘காபரி’ ஆகியவற்றிலும் காண்பதுபோல, வெளியேறாமல் பார்ப்பதும் தீங்கு அணுகாமல் பார்ப்பதும் இதில் ஒன்றே. ஆடு மேய்க்கும் காபரி, ஆடு ஓடாமலும் நரி நுழையாமலும் ஒருசேரக் காக்கிறார். வள்ளுவரும் வாழ்க்கைத் துணைநலத்தில் சிறையையும் காப்பையும் ஒருங்கு வைத்து, புறத்தே இடும் காவலினும் அகத்தே நிற்கும் காவலையே தலையாயதாக்கினார்.

‘காப்பு’ இன்னும் விரிந்தது. நூலின் முதலில் வரும் தெய்வ வணக்கம் காப்பு. கையில் அணியும் வளை காப்பு. குற்றவாளியின் கையில் மாட்டும் விலங்கும் பேச்சுவழக்கில் காப்பு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் விழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டலாகாது. திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரைக்குச் ‘சாட்டிம்பு’ நடந்தபின் ஊரார் எல்லை கடந்து செல்வதில்லை என்னும் மரபும் இத்தகையதே. தமிழ்ச் ‘சாற்று’, ‘சாட்டு’ என்பவற்றோடு இச்சொல்லை ஒப்பிடலாம். இங்கே கட்டு என்பது தண்டனையன்று. காக்கப்படுவதற்காக மனமுவந்து ஏற்ற வரம்பு. காப்புக் கட்டுபவரும் கட்டிக்கொள்பவரும் ஒரே எல்லைக்குள் நிற்கின்றனர்.

6. மீட்டல், தீர்த்தல், திருத்தல்

இத்தகைய அமைப்பின் நோக்கத்தை ஆங்கிலம் ஒரு சொல்லால் கூறும். தமிழில் அது மூன்றாகப் பிரியும். ‘மீட்டல்’ அடகு வைத்ததையும் பகைவர் கவர்ந்ததையும் திரும்பப் பெறுதல். இங்குச் செயல் மீட்பவருடையது. ‘தீர்த்தல்’ கடனை அடைத்தல். இங்குச் செயல் கடன்பட்டவருடையது. வேங்கடவனையே குபேரனிடம் பட்ட கடனுக்கு வட்டி செலுத்துபவனாகக் கண்டு ‘வட்டிக்காசுலவாடு’ என அழைக்கும் திருப்பதியில், நேர்த்திக்கடன் தீர்த்துத் திரும்பும் அடியவருக்கு இச்சொல்லின் நுட்பத்தை விளக்க வேண்டுவதில்லை. ‘திருத்தல்’ கோணலை நேராக்குதல். இங்குக் குற்றம் செயலில் இல்லை, ஆளிடமே உள்ளது என்னும் கருத்துத் தொக்கி நிற்கும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. 1871இல் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1952இல் நீக்கப்பட்டபின், அதன் பிடியிலிருந்த மக்களைத் தமிழ்நாடு ‘சீர்மரபினர்’ என்றது. தெலுங்கில் ‘விமுக்த ஜாதிகள்’ என்னும் வழக்கு உள்ளது. ஒன்று சீர் என்பதை முன்வைக்கிறது. மற்றொன்று விடுபட்டமையைக் கூறுகிறது. பிறப்பினாலேயே குற்றவாளி எனப் பதியப்பட்டவர்கள் திருந்த வேண்டியவர்களா, விடுவிக்கப்பட வேண்டியவர்களா என்னும் வினாவுக்கு இரு மொழிகளும் இரு விடைகளை நினைவூட்டுகின்றன.

சிங்கப்பூர் முறையைப் போற்றிப் புகழ்வதும் பொருந்தாது. அது ஆட்சியாளருக்குச் செலவைக் குறைத்தது. அதே முறை அந்தமானின் செல்லுலார் சிறையில் கைதிகளைக் கைதிகளே வதைக்கும் கருவியாயிற்று என்பதை அங்கிருந்த அரசியல் கைதிகள் எழுதியுள்ளனர். 1840 முதல் 1844 வரை நார்ஃபோக் தீவை நிருவகித்த அலெக்சாண்டர் மக்கோனக்கி, கைதிகள் சிறு குழுவாகி ஒருவர் நடத்தைக்கு மற்றவர் பொறுப்பேற்க வேண்டும் என்றார். பொறுப்பு இருபுறமும் இருந்தால் அது காப்பு. ஒருபுறம் மட்டும் இருந்தால் அது சிறையே.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, இருநிலை மாந்தரை முதன்முறை சுட்டும்போது ‘கைதியான காவலர்’ என விரித்தே எழுதுதல் வேண்டும். மூலத்தில் தண்டல், தபேதார் முதலிய பதவிப்பெயர்கள் வரின் அவற்றையே பேணலாம். இரண்டாவது, கைதியின் நன்மை தீமையில் தமக்கும் பங்குடையவரைக் ‘காப்பாளர்’ என்றும், அத்தகைய பங்கு இல்லாதவரைச் ‘சிறைக்காவலர்’ என்றும் வேறுபடுத்தலாம். மூன்றாவது, மீட்பு என எழுதுமுன் அங்குச் செயல் யாருடையது என வினவுதல் வேண்டும்.

நெற்றியில் குத்திய எழுத்தை அன்றைய ஆட்சி அழிக்க இயலாததாக்கிற்று. இன்று ஏட்டில் நாம் இடும் பெயர் அத்தகையதாகிவிடாமல் பார்த்துக்கொள்வது மொழிபெயர்ப்பாளரின் காவல்.