பழைய டில்லரை எடைக்குப் போடாதீர்கள்

நம் கூட்டங்களில் பவர் டில்லர் என்று பேச்செடுத்தாலே, "அது சாணி போடுமா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் கடியப்பட்டணம் பக்கம் வந்து ஓர் ஏர் மாடு தேடிப் பாருங்கள், கிடைப்பது கஷ்டம். பெரிய டிராக்டரோ தென்னந்தோப்பிலும் வாழை விளையிலும் திரும்ப முடியாமல் நிற்கும். சிறிய வயலில் இறங்கினால் வரப்பைத் தின்றுவிடும். வாடகை டில்லர் இருக்கிறதே என்றால், மழை பெய்த மறுநாள் ஏலா முழுக்க எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அது வேண்டும். கும்பப்பூ நடவு தள்ளிப்போகிறவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

நான் வங்கியில் விவசாயக் கடன் பார்த்து ஓய்வுபெற்றவன். அன்று கடன் விண்ணப்பத்தில் எண்ணாக மட்டும் பார்த்த டில்லர்கள், இன்று பல வீட்டுத் தொழுவங்களில் கோழி அடையும் இடமாகக் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றின் எஞ்சின் சாகவில்லை. சீல், பெல்ட், நாசில் என்று சின்ன விஷயங்கள்தான் செத்திருக்கின்றன. எதைச் சரிசெய்யலாம், எதை விட்டுவிட வேண்டும், நம் மண்ணுக்கு ஏற்ப எப்படி மாற்றலாம் என்பதை இங்கே சொல்கிறேன்.

இந்த வண்டி எங்கிருந்து வந்தது

மண்ணைச் சுழல் கத்தியால் கொத்தும் யோசனையை ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்பவர் 1912ல் தன் அப்பாவின் பண்ணையில் சோதித்துப் பார்த்தார். நேரான கத்தி மண்ணைப் பக்கவாட்டில் வாரி இறைத்தது. 'எல்' வடிவில் வளைத்த பிறகுதான் சரிப்பட்டது. நம் நாட்டில் ஜப்பானியத் தொழில்நுட்பம் வழியாக டில்லர் பரவியது. பெங்களூரு வி.எஸ்.டி. நிறுவனம் 1967ல் மிட்சுபிஷி கூட்டுறவோடு தொடங்கியது. கேரள அரசின் காம்கோ 1973ல் அத்தாணியில் ஆரம்பித்து, குபோட்டா தொழில்நுட்பத்தில் டில்லர் செய்தது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம் என்பதால் எங்கள் மாவட்டத்துக்கு இரண்டுமே பழக்கம். இப்படிப் பரவலாக ஓடிய வண்டி என்றால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை. பழசு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதே இதுதான்.

வாங்கும் முன்

சூடான எஞ்சினை யாரும் காட்டி விற்றுவிடலாம். ஆகவே, "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போய் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். டீகம்ப்ரஷன் லிவரை விட்டுவிட்டுக் கிராங்கைச் சுற்றினால் கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் சுழன்றால் ரிங்கோ வால்வோ போய்விட்டது என்று பொருள்.

ஓடவிட்டுப் புகையைப் பாருங்கள். கருப்புப் புகை விடாமல் வந்தால் காற்று வடிகட்டி அடைப்பு அல்லது இன்ஜெக்டர் கோளாறு, செலவு குறைவு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. லைனர், பிஸ்டன், ரிங் வேலை காத்திருக்கிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதா, டீசல் சரியாக எரியவில்லையா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து கியர் பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தொழி உழவில் சேற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. சீல் மட்டும் மாற்றினால் போதாது, பேரிங்குகளையும் பார்க்க வேண்டும்.

வங்கிக்காரனாக ஒன்று: எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பில்லோடு ஒத்துப் பாருங்கள். கடனில் வாங்கிய வண்டியானால் நிலுவை இல்லை என்ற சான்றைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். மானியத்தில் வாங்கியதைக் குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கக் கூடும். அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்யும் வரிசை

பெயின்ட் கடைசி. முதலில் டீசல் டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அடியில் தண்ணீரும் துருவும் தங்கியிருக்கும். பில்டரை மாற்றி, குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். "ஸ்டார்ட் ஆகவே இல்லை" என்று ஒதுக்கிய வண்டிகளில் சில இந்த ஒரு வேலையிலேயே கிளம்பிவிடும்.

இரண்டாவது, எஞ்சின் ஆயில், கியர் ஆயில், ஆயில் பாத் வடிகட்டி. மூன்றாவது, அச்சின் இரு பக்க ஆயில் சீல், ரோட்டரி சீல். சீல் விலை சிறியது. அதைத் தள்ளிப்போட்டால் கியர் பாக்ஸ் விலை கொடுக்க வேண்டி வரும். நான்காவது பெல்ட். மூன்றில் ஒன்று தேய்ந்திருந்தாலும் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். புதிது ஒன்று, பழையது இரண்டு என்று போட்டால் பாரம் முழுக்கப் புதியதன் தலையில் விழும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு எதிரி உப்புக் காற்று. தகரமும் போல்ட்டும் சீக்கிரம் அரிக்கும். இதில் படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக்குகள் கில்லாடிகள். இறுகிய போல்ட்டை முறிக்காமல் கழற்றும் பொறுமை அவர்களுக்கு உண்டு. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த பின் கத்திகளிலும் போல்ட்டுகளிலும் பழைய எஞ்சின் ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவிவையுங்கள். அந்த ஆயில் மண்ணில் சிந்தக் கூடாது, கிணற்றுப் பக்கம் போகவே கூடாது.

நமக்கேற்ற மாற்றங்கள்

வாழை இடைவெளிக்கு: ரோட்டரியின் வெளிப்பக்கக் கத்திகளை இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் கழற்றினால் அகலம் குறையும். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் வண்டி இழுத்துக்கொண்டு போகும்.

ஆழத்துக்கு: பின்னால் உள்ள சிறு சக்கரத்தை இறக்கிவைத்தால் கத்தி மேலாக மட்டும் கொத்தும். பலதானியம் விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்குகிறவர்களுக்கு இது முக்கியம். தக்கைப்பூண்டு உயரமாக வளர்ந்துவிட்டால் தண்டு ரோட்டரியில் சுற்றிக்கொள்ளும். முதலில் அறுத்தோ மிதித்துச் சாய்த்தோ விடுங்கள்.

சேற்றுக்கு: டயரைக் கழற்றி, உள்ளூர்ப் பட்டறையில் அடித்த இரும்புக் கூண்டுச் சக்கரம் போடலாம். இரண்டும் ஒரே விட்டம், ஒரே எடையாக இருக்கட்டும்.

எஞ்சின் முழுக்கப் போய்விட்டால் வேறு எஞ்சின் பொருத்துகிறார்கள். அங்கே ஒரு சின்னக் கணக்கு உண்டு. பழைய எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று, அதன் கப்பி 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். புதியது 2400 சுற்று என்றால் கப்பி 10 செ.மீ. ஆக வேண்டும். இரண்டிலும் பெருக்குத்தொகை 24,000 வருகிறது அல்லவா? அப்போதுதான் கியர் பாக்ஸுக்கு அதே வேகம் போகும்.

ரோட்டரியையே கழற்றிவிட்டு, பெல்ட் மாட்டித் தண்ணீர் இறைக்கலாம், கதிர் அடிக்கலாம், டிரெய்லர் கட்டி எரு ஏற்றலாம். என் வண்டிக்கு இந்த வேலைதான் அதிகம்.

செய்யக் கூடாதவை: வேகம் கூட்ட கவர்னரைத் திருகுவது, பெல்ட் மூடியைக் கழற்றியே ஓட்டுவது, முறிந்த கத்தியைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்டுவது. சூட்டில் கத்தியின் உரம் இறங்கிவிடும், மறுபடி முறிந்து பறக்கும்.

மண்ணை மறக்க வேண்டாம்

இலங்கைக்காரரான ரே விஜேவர்தனே 1950களில் லேண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர டிராக்டரை வடிவமைத்தார். அது இங்கிலாந்தில் தயாராகி வெப்பநாடுகளுக்குப் போனது. பின்னாளில் அவரே, நாம் செய்தது உழவை மேம்படுத்தியதா, எருமைக்குப் பதில் இயந்திரம் வைத்ததா என்று தன் படைப்பையே கேள்வி கேட்டார். நைஜீரியாவின் இபாடானில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் உழாமல் விதைக்கும் கருவிகளுக்காக உழைத்தார்.

ரோட்டரியை அடிக்கடி ஓட்டினால் மண் மாவாகும், மழையில் மேல்தோல் இறுகும், ஒரே ஆழத்தில் ஓட்டுவதால் கீழே கட்டித் தட்டும், மண்புழு அறுபடும். அதனால் என் ஒழுங்கு இது: வயலில் தொழிக்கு மட்டும் முழு வேலை. விளையில் பசுந்தாள் மடக்க மேலாக ஒரு தடவை. மற்ற நாளெல்லாம் மூடாக்கு. மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் அன்று வண்டியை இறக்குவதில்லை.

உயிர் முக்கியம்

சாரத்தைத் தொங்கவிட்டு ஓட்டாதீர்கள். கத்தியில் சுற்றிய கொடியை எஞ்சினை நிறுத்தாமல் எடுக்கவே கூடாது. பின்னோக்கி எடுக்கும்போது ரோட்டரி ஓடக் கூடாது. இறக்கத்தில் இடது ஸ்டியரிங் லிவரைப் பிடித்தால் அந்தச் சக்கரம் விடுபட்டு வேகமாக உருண்டு, வண்டி வலப்பக்கம் திரும்பும். சமதளத்துப் பழக்கத்தில் பிடித்தால் வாய்க்காலில்தான் போய் நிற்கும். புதிதாக ஓட்டும் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லுங்கள்.

கடைசியாகக் கணக்கு

ஒரு நோட்டுப் போடுங்கள். ஓடிய மணி, டீசல், ஆயில், ரிப்பேர் எல்லாம் எழுதுங்கள். இந்த அளவு எஞ்சின் வேலையைப் பொறுத்து மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் டீசல் குடிக்கும். வருஷச் செலவை ஓடிய மணியால் வகுத்தால் மணிக்கு எவ்வளவு என்று தெரியும். அது வாடகையைவிடக் கூடினால் வண்டி உங்களுக்கு மட்டும் பெரிது என்று அர்த்தம். பக்கத்து வயல்காரர் மூன்று, நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்த நாள், ரிப்பேரில் யார் பங்கு எவ்வளவு என்பதை மழைக்கு முன்பே அதே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.