அண்மையில் தளரும் விசை

காந்தத்தை அணுகினால் இழுப்பு மிகும், விலகினால் குறையும். புவியீர்ப்பும் மின்விசையும் இவ்வாறே நடப்பவை. இவ்வழக்கத்திற்கு மாறாக, கிட்ட நின்றாற் பிடி தளர்ந்தும் எட்டப் போனாற் பிடி இறுகியும் நிற்கும் விசையொன்று அணுவின் கருவினுள்ளே உண்டு. வல்விசை எனப்படும் அதன் இயல்பை அறிந்தாலன்றி, உலகத்துப் பொருள்களுக்குப் பாரம் எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு விடை கூறுதல் இயலாது.

அணுக்கருவிலே புரோத்தன்களும் நியூத்திரன்களும் நெருங்கியிருக்கின்றன. புரோத்தன்கள் யாவும் நேர்மின்னேற்றம் உடையவை. ஆதலின், ஒன்றையொன்று தள்ளிச் சிதறுதல் வேண்டும். சிதறாது காப்பது வல்விசையே. புரோத்தனும் நியூத்திரனும் குவார்க்கு என்னும் நுண்டுகள்கள் மும்மூன்றைக் கொண்டவை. அவற்றைப் பிணைப்பவை குளுவோன்கள்.

வல்விசையின் புதுமை விளங்குவதற்கு முன் மின்விசையை நோக்குதல் தகும். மிக நெருங்கிய தூரத்தில் மின்விசை எவ்வாறு தொழிற்படும் என்பது அறிஞரை நெடுநாள் வருத்திய வினா. யாழ்ப்பாணத்திற் பிறந்து, கேம்பிரிட்சிலே டிராக் என்னும் பேரறிஞரிடம் பயின்ற கணித அறிஞர் சி. ஜே. எலியேசர் (1918–2001) இவ்வினாவின் ஒரு கூற்றை ஆராய்ந்தார். இலத்திரன் கதிர்வீசும்போது அதன்மேல் எழும் எதிர்விசையையும் டிராக்கின் சமன்பாடு கணக்கிற் சேர்த்திருந்தது. அச்சமன்பாட்டின்படி, புரோத்தனை நோக்கி நேரே செல்லும் இலத்திரன் அதனிற் சென்று விழாது என்ற எதிர்பாராத முடிவை எலியேசர் 1943ஆம் ஆண்டில் வெளியிட்டார். நுண்ணிய தூரங்களிற் பழைய விதிகளை அப்படியே நம்புதல் அரிது என்பதை அது உணர்த்திற்று.

பின்னர் முதிர்ந்த குவாண்டக் கொள்கை மற்றொன்றையும் காட்டிற்று. வெற்றிடம் முற்றிலும் வெறுமையன்று. இலத்திரனைச் சூழ்ந்து துகளிணைகள் கணந்தோறும் தோன்றி மறைந்து, திரைபோல் நின்று, அதன் மின்னேற்றத்தின் ஒரு பகுதியை மறைக்கின்றன. மோதும் துகளின் சக்தி மிகுந்தோறும் அது திரையைக் கடந்து உட்செல்லும். மின்னேற்றமும் மிகுதியாகத் தோன்றும். தொலைவில் 137இல் 1 பங்காக உள்ள மின்விசையின் வலிமை எண், 9,100 கோடி இலத்திரன் வோல்ற்றுச் சக்தியில் ஏறக்குறைய 128இல் 1 பங்காகிறது.

வல்விசையிலும் குவார்க்கு இணைகள் இத்தகைய திரையை இடுகின்றன. ஆனால் மின்விசையைக் கொண்டுசெல்லும் ஒளித்துகளுக்கு மின்னேற்றம் இல்லை. குளுவோனுக்கோ வல்விசைக்குரிய ஏற்றம் உண்டு. 'நிறம்' என்பது அதற்கு இட்ட பெயர்; கண்ணாற் காணும் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. குளுவோன்கள் அவ்வேற்றத்தைப் புறத்தே பரப்பி விடுவதால், உள்ளே செல்லச்செல்ல எதிர்ப்படும் ஏற்றம் குறைகிறது. குவார்க்கு வகைகள் 16க்கு மேற்பட்டிருப்பின் திரையே வென்றிருக்கும். அறியப்பட்டவை 6 மட்டுமே. ஆதலின் குளுவோன்களின் கையே ஓங்கிற்று.

இதனைக் குரொஸ், வில்செக், பொலிற்சர் என்னும் மூவர் 1973ஆம் ஆண்டில் கணித்துக் காட்டினர். 2004ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றனர். சோதனைகளும் அதனை மெய்ப்பித்தன. ஏறக்குறைய 180 கோடி இலத்திரன் வோல்ற்றுச் சக்தியில் 0.33 அளவில் உள்ள வல்விசையின் வலிமை எண், 9,100 கோடியில் 0.118 ஆகவும், ஒரு இலட்சம் கோடியில் 0.09 அளவாகவும் இறங்குகிறது.

தறியிற் கட்டிய பசு தறியை அண்டி மேயும்போது கயிறு தொய்ந்திருக்கும். எட்டிய புல்லை நாடினால் இறுகிவிடும். குவார்க்குகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. உவமை ஓரிடத்திற் பொருந்தாது: பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடலாம், குவார்க்குக்கு அவ்விடுதலை இல்லை. அதனை இழுக்கச் செலவிட்ட சக்தியே புதியதோர் குவார்க்கு இணையாகப் பிறந்து, அறுந்த முனைகளைப் பற்றிக்கொள்கிறது. தனித்த குவார்க்கை எவரும் காணாமைக்குக் காரணம் அதுவே.

பாரத்தின் மறைபொருளும் இங்கேயே உள்ளது. புரோத்தனின் திணிவில் குவார்க்குகளுக்கு உரிமையானது நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கே. எஞ்சியது, சிறைப்பட்ட குவார்க்குகளின் இயக்கமும் குளுவோன்களின் சக்தியுமாம். சக்தி திணிவாகத் தோன்றும் என்பது ஐன்ஸ்ரைன் காட்டிய உண்மை. நெல்மூடையைத் தோளிற் சுமப்பவன் உணரும் பாரத்திற் பெரும்பகுதி, நெல்லின் அணுக்கருக்களுள்ளே அடைபட்ட சக்தியின் பாரமேயாகும்.