கைமாறும் சூரிய மின் நிலையம்

புதிதாக வீடு கட்டுவோர் அதன் அஸ்திவாரத்தின் ஆழத்தைக் கண்ணால் கண்டிருப்பர். பழைய வீட்டை விலைக்கு வாங்குவோரோ அதனைப் பிறர் சொல்லக் கேட்டும், சுவரைத் தட்டிப் பார்த்துமே அறிதல் வேண்டும். சூரிய ஒளியினின்று மின்சாரம் எடுக்கும் நிலையங்களுக்கும் இது பொருந்தும். தொழிற்சாலை, மருத்துவமனை, கல்லூரி, குளிர்பதனக் கிடங்கு ஆகியவற்றின் கூரைமீது பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அமைத்த நிலையத்தை, இன்று வேறொருவர் பராமரிக்க ஏற்கின்றார். அவ்வாறு ஏற்பவர் முதற்கண் செய்யத் தக்கவை யாவை என்பதே இவ்வுரையின் பொருள்.

நம் நாட்டில் இக்கேள்வி எழுவதற்குக் காலம் கனிந்துவிட்டது. ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தித் திட்டம் 2010ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பெற்றது. 2015 ஆகஸ்டில் கொச்சி விமான நிலையம் 12 மெகாவாட் திறனுள்ள சூரிய நிலையத்தை அமைத்துத் தன் தேவை முழுவதையும் அதனாலேயே நிறைவு செய்யத் தொடங்கியது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாட்டின் மொத்த சூரிய மின் திறன் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. தொடக்க ஆண்டுகளில் அமைந்த நிலையங்கள் இன்று நடுவயதை எய்தியுள்ளன. சூரியத் தகடுகள் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் என்பர். அவற்றை அமைத்த ஒப்பந்தக்காரர் அத்தனை ஆண்டு தொழிலில் நீடிப்பார் என்பதற்கு உறுதி இல்லை. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்க நிறுவனமான சன் எடிசன் 2016 ஏப்ரலில் திவால் பாதுகாப்புக் கோரியது; இந்தியாவில் அதற்கிருந்த நிலையங்கள் ஹைதராபாத்திலுள்ள கிரீன்கோ நிறுவனத்தின் கைக்கு வந்தன.

நிலையம் கைமாறும்போது பொறுப்பும் கைமாறுகிறது. நேற்று வரை பிறர் செய்த பிழைக்கு இன்று முதல் நாம் விடை கூற வேண்டியவர் ஆகிறோம். ஆதலின், கையெழுத்திடுவதற்கு முன் நிலையம் எந்நிலையில் உள்ளது என்பதை அளந்து எழுதிக்கொள்ளுதல் இன்றியமையாதது. இதனைச் செய்யாமல் ஏற்பவர் பழைய குறைகள் அனைத்தையும் தம்முடையவையாக ஏற்றுக்கொண்டவரே ஆவர்.

முதலில் நிலையத்தின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். சூரியத் தகடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 வோல்ட் அழுத்தம் தரக்கூடியது எனக் கொள்வோம். இருபது தகடுகளைச் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் ஒரு வரிசையின் அழுத்தம் 900 வோல்ட் ஆகும். இத்தகைய வரிசைகள் பல, பியூஸ்களும் துண்டிப்பு விசைகளும் அடங்கிய பெட்டி வழியாகவோ நேராகவோ இன்வர்ட்டரை அடைகின்றன. தகடுகள் தருவது நேர் மின்னோட்டம். அதனை மாறு மின்னோட்டமாக்கி, வெளியிலிருந்து வரும் மின் விநியோகத்தோடு இசையச் செய்வது இன்வர்ட்டரின் வேலை. வெளி மின்சாரம் நின்றால் இன்வர்ட்டரும் தானே நின்றுவிடும். மின்கம்பத்தில் பழுது பார்க்கும் தொழிலாளிக்கு ஆபத்து நேராதிருக்கவே இந்த ஏற்பாடு.

இங்கேதான் பழகிய மின் தொழிலாளரும் ஏமாறும் இடம் உள்ளது. இன்வர்ட்டர் நின்றுவிட்டதால் கூரை முழுதும் மின்சாரமற்றுப் போயிற்று என எண்ணலாகாது. மெயின் விசையை அணைக்கலாம். கதிரவனை அணைக்க இயலாது. பகல் உள்ளளவும் தகடுகளின் முனையில் அழுத்தம் இருந்தே தீரும். மேலும், மாறு மின்னோட்டம் நம் நாட்டில் வினாடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு மீளுவதால், அதில் எழும் மின்பொறி எளிதில் அணைந்துவிடும். நேர் மின்னோட்டத்துக்கு அவ்வியல்பு இல்லை. மின்னோட்டம் செல்லும்போது ஓர் இணைப்பைக் கையால் பிரித்தால், பொறி அணையாமல் நீண்டு உலோகத்தையே உருக்கும். ஆகவே முதலில் இன்வர்ட்டரை நிறுத்தி, நேர் மின்னோட்ட விசையைத் துண்டித்து, கம்பியில் ஓட்டம் இல்லை என்பதைக் கவ்வுமானியால் உறுதி செய்துகொண்டு, பின்னரே இணைப்பைத் தொடுதல் வேண்டும். இன்வர்ட்டரின் உள்ளிருக்கும் கெபாசிட்டர்கள் நிறுத்திய பின்னும் சில நிமிடம் மின்னேற்றம் தாங்கியிருக்கும். தயாரிப்பாளர் குறித்துள்ள நேரம் கழியும் வரை மூடியைத் திறவாதிருத்தல் நலம்.

மின்சாரத்தைப் போலவே கூரையும் உயிருக்கு ஊறு செய்யக்கூடும். ஆஸ்பெஸ்டாஸ் ஓடும், வெளிச்சத்துக்காக இடையிடையே பதித்த ஃபைபர் தகடும் மனிதர் பாரத்தைத் தாங்கா. தூசி படிந்த கூரையில் எது இரும்பு, எது ஃபைபர் எனப் பிரித்தறிவதும் கடினம். பழைய ஒப்பந்தக்காரரின் ஆட்கள் எவ்வழியே நடந்தனர் என்பது புதியவருக்குத் தெரியாது. எனவே நடைபாதைப் பலகையும், பாதுகாப்பு வாரைப் பூட்டுவதற்கான கயிறும் உள்ளனவா என்பதே முதல் நாள் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

அடுத்து ஆவணங்களைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். கூரையில் எத்தகடு எவ்வரிசையைச் சேர்ந்தது எனக் காட்டும் வரைபடம், மின் இணைப்புப் படம், தகடுகளின் வரிசை எண்கள், நிலையம் தொடங்கிய நாளில் எடுத்த அளவுகள், மின் ஆய்வாளரின் இசைவு, விநியோக நிறுவனத்தோடு செய்த நிகர மீட்டர் ஒப்பந்தம், உத்தரவாதப் பத்திரங்கள், கடந்த ஆண்டுகளின் உற்பத்திக் கணக்கு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இன்வர்ட்டரின் கண்காணிப்புக் கணக்கும் கடவுச்சொல்லும் பழைய ஒப்பந்தக்காரர் பெயரிலேயே இருப்பது வழக்கம். அவற்றை உரிமையாளர் பெயருக்கு மாற்றாவிடில், நிலையத்தின் பல ஆண்டு வரலாறு ஒரே நாளில் கையை விட்டுப் போகும்.

உத்தரவாதத்தைப் பற்றியும் ஒரு சொல். தகட்டின் மின் உற்பத்திக்கு இருபத்தைந்து ஆண்டு உறுதி எழுதித் தருவது உலக வழக்கம். அவ்வுறுதி எழுதித் தந்தவர் உள்ளவரைதான் அதற்கு வலிமை. ஜெர்மனியின் கியூ செல்ஸ் 2012இல் நொடித்தது. சீனாவின் சன்டெக் நிறுவனத்தின் முதன்மைக் கிளை 2013இல் நொடித்தது. இருவரும் தம் காலத்தில் உலகின் முன்னணித் தயாரிப்பாளர்களாக விளங்கியவர்களே. ஆகவே பத்திரத்தில் உள்ள ஆண்டுகளை எண்ணுவதோடு நில்லாமல், இன்று அதற்குப் பொறுப்பேற்போர் யார் என்பதையும் எழுதி விசாரித்து, விடையைக் கோப்பில் சேர்த்தல் வேண்டும். இன்வர்ட்டருக்குரிய உத்தரவாதம் தகட்டினுடையதைவிட மிகக் குறுகியது. அதனை மாற்றும் செலவு நிலையத்தின் ஆயுளில் ஒரு முறையேனும் வரும் என்று முன்னதாகவே உரிமையாளருக்கு உணர்த்துதல் நேர்மையாகும்.

ஆவணம் கண்டபின் கண்ணால் காணும் ஆய்வு. விரிந்த கண்ணாடி, துருப்பிடித்த தாங்கி, தளர்ந்த மரை, எலி கடித்த கேபிள், வெயிலில் வெடித்த உறை, கூரையில் நீர்க்கசிவு ஆகியவற்றைப் படம் எடுத்து வைத்தல் வேண்டும். நிலையம் அமைத்த நாளில் இல்லாத நிழல் இன்று இருக்கலாம். பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி உயர்ந்திருக்கும், ஒரு மரம் தழைத்திருக்கும். கனெக்டர்களைத் தனிக் கவனத்தோடு நோக்குக. இரு வேறு தயாரிப்பாளரின் கனெக்டர்கள் ஒன்றோடொன்று பொருந்துவதுபோல் தோன்றும். ஆயினும் உள்ளே தொடுமுனைகள் சரியாகப் படியாமல், நாளடைவில் சூடேறிக் கருகும். கூரைத் தீக்களுக்கு அறியப்பட்ட காரணங்களுள் இஃது ஒன்று.

கண்ணுக்குப் புலப்படாதவற்றைக் கருவிகள் காட்டும். தொடக்க நாளில் எடுக்கத்தக்க அளவுகளைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62446 எண்ணுள்ள தரநூல் வகுத்துரைக்கிறது; பொறுப்பு ஏற்கும் நாளிலும் அவற்றையே மீண்டும் எடுப்பது சிறந்த முறை. முதலாவது, ஒவ்வொரு வரிசையின் திறந்த நிலை அழுத்தம். வெயிலின் சூட்டில் எல்லா வரிசைகளின் அழுத்தமும் ஒருசேரக் குறையுமாதலால், ஒரே வேளையில் அளந்து ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டும். இருபது தகடு கொண்ட வரிசைகள் யாவும் 820 வோல்ட் காட்ட, ஒன்று மட்டும் 779 காட்டினால், அங்கே ஒரு முழுத் தகடு பயனிழந்தது எனலாம். குறைவு 14 வோல்ட் அளவே எனில், தகட்டின் மூன்றில் ஒரு பகுதியைக் காக்கும் டயோடு பழுதாகியிருத்தல் கூடும்.

இரண்டாவது, மின்காப்புத் தடை. இது ஒரு மெகோமுக்குக் குறையலாகாது. மழைநாளிலோ பனி படிந்த காலையிலோ ஓர் இன்வர்ட்டர் மட்டும் நேரம் கழித்தே தொடங்குகிறது எனின், எங்கோ ஒரு கேபிளின் உறை கிழிந்து ஈரம் புகுகின்றது எனச் சந்தேகிக்கலாம். எனவே கூரைக்கு ஏறுமுன் காவலாளியையும் மின் பணியாளரையும் விசாரிப்பது பயன் தரும். ஏட்டில் இல்லாத வரலாறு அவர்கள் நினைவில் இருக்கும். மூன்றாவது, எர்த்து எனப்படும் நிலத்தொடர்பு. ஒவ்வொரு தாங்கியும் அதனோடு தொடர்ச்சியாக இணைந்துள்ளதா என்றும், மண்ணின் தடை எவ்வளவு என்றும் அளத்தல் வேண்டும். நான்காவது, வெப்பப் படம். நல்ல வெயிலில், அதாவது சதுர மீட்டருக்கு 600 வாட்டுக்குக் குறையாத ஒளியில், இதற்கான காமிராவால் நோக்கினால் சூடேறிய கனெக்டரும் பழுதுற்ற தகடும் தனித்து ஒளிரும்.

இனி, நிலையம் தரவேண்டிய மின்சாரத்தைத் தருகிறதா என்று அறிவது எங்ஙனம்? 100 கிலோவாட் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் தகட்டுப் பரப்பின் மீது சதுர மீட்டருக்கு 5 யூனிட் அளவு ஒளி விழுந்தது என்று கதிர்வீச்சுமானி காட்டுகிறது. இழப்பே இல்லாவிடில் அன்று 500 யூனிட் மின்சாரம் கிடைத்தல் வேண்டும். உண்மையில் 375 யூனிட் கிடைத்தால் செயல்திறன் விகிதம் நூற்றுக்கு 75 ஆகும். இழப்பு முழுவதும் குறைபாடு எனக் கருதலாகாது. தகட்டின் திறன் 25 டிகிரி வெப்பநிலையில் குறிக்கப்படுவது. நண்பகலில் தகடு 60 டிகிரிக்குச் சூடேறினால், டிகிரிக்கு 0.4 சதவீத வீதம் 14 சதவீதம் அதிலேயே குறையும். தகட்டின் இயல்பான மூப்பும், தூசியும், வெளி மின்சாரம் நின்ற நேரங்களும் உண்டு. இவற்றைக் கழித்த பின்னும் விளங்காத குறைவு எஞ்சுமாயின், அதுவே தேட வேண்டிய பழுது. நாளொன்றுக்கு 37 யூனிட் இவ்வாறு வீணானால் ஆண்டுக்குச் சுமார் 13,500 யூனிட்; யூனிட் எட்டு ரூபாய் எனக் கொண்டால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நஷ்டம். எவரும் கூரைக்கு ஏறிப் பாராத காரணத்தால், இந்நஷ்டம் எவர் கண்ணிலும் படாமலே ஆண்டுதோறும் தொடரும்.

இத்தனையும் செய்து முடித்தபின் ஒப்பந்தம் எழுதலாம். கண்ட குறைகளின் பட்டியலைப் படங்களோடும் அளவுகளோடும் அதன் பின்னிணைப்பாகச் சேர்த்து, உரிமையாளரும் ஒப்பமிடச் செய்தல் வேண்டும். உடனே திருத்த வேண்டியவை, ஓராண்டுக்குள் திருத்தத்தக்கவை, கவனித்து வரவேண்டியவை என அவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். உயிருக்கோ கட்டடத்துக்கோ ஆபத்து விளைப்பவை திருத்தப்படாத வரை அப்பகுதியைத் துண்டித்து வைத்தலே முறை. உற்பத்தி குறையுமே என்று உரிமையாளர் வருந்தினும் இதில் இணங்கலாகாது. உதிரிப்பாகச் செலவு யாருடையது, தகடு கழுவத் தண்ணீர் தருபவர் யார், பழுதென்று அறிவித்தபின் எத்தனை நாளில் வருதல் வேண்டும் என்பவற்றையும் தெளிவாக எழுதுக. இன்வர்ட்டரை வேறு திறனுள்ளதாக மாற்றுவதாயின் விநியோக நிறுவனத்தை முன்னதாகக் கலந்துகொள்க. உடைந்த தகடுகளைக் குப்பையில் எறிதல் கூடாது. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் சூரியத் தகடுகளையும் உள்ளடக்கியவை.

அதன்பின் நாள்தோறும் செய்யும் பராமரிப்பு எளிதே. தகடுகளை விடியற்காலையில் கழுவுக. சுடும் கண்ணாடி மீது குளிர்ந்த நீர் விழுந்தால் விரிசல் காண இடமுண்டு. உப்பு நீர் வெண்கறை படியச் செய்யும். தகட்டின்மீது கால் வைத்தால் வெளியே தெரியாத கீறல் உள்ளே உண்டாகும். இன்வர்ட்டரின் காற்றுச் சல்லடையைத் தூய்மையாக வைத்தல் அதன் ஆயுளை நீட்டும். செய்த ஒவ்வொரு வேலையையும் நாளிட்டு ஒரு பதிவேட்டில் எழுதி, அதனை நிலையத்திலேயே வைத்தல் வேண்டும்.

அப்பதிவேடு பராமரிப்போரின் காப்பு மட்டுமன்று. இன்று நாம் ஏற்கும் நிலையம் நாளை வேறொருவர் கைக்குச் செல்லக் கூடும். எந்த இணைப்பு மாற்றப்பட்டது, எத்தகடு ஐயத்துக்குரியது, கூரையில் எவ்விடத்தில் கால் வைக்கலாகாது என்பதை அவர் அந்த ஏட்டைத் திறந்து அறிவாராயின், அவருடைய முதல் நாள் நம்முடையதைவிட அச்சமற்றதாக இருக்கும்.