உறுதிமொழி வயலுக்கு வந்த விதம்

தண்ணீர் தேங்கிய நெல் வயலில் மண்ணுக்குக் காற்றோட்டம் கிடைப்பதில்லை. அங்கு பெருகும் நுண்ணுயிர்கள் மீத்தேன் என்ற வாயுவை உண்டாக்குகின்றன. பூமியின் வெப்பம் உயர இதுவும் ஒரு காரணம். உலக மீத்தேன் வெளியீட்டை 2020-ம் ஆண்டு அளவிலிருந்து 2030-க்குள் 30 சதவீதம் குறைப்பது என்று 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் பல நாடுகள் உறுதி கூறின. இந்தியா இதில் சேரவில்லை. நெல் ஏற்றுமதி நாடான வியட்நாம் சேர்ந்தது.

கணக்கு ஏக்கருக்கு வந்தது

மாநாட்டுப் பேச்சை வைத்து நாற்று நட முடியாது. எத்தனை கிலோ விதை, எவ்வளவு தண்ணீர் என்று சொன்னால்தான் விவசாயிக்குப் பயன்படும். 2023 நவம்பரில் வியட்நாம் அரசு ஏற்ற திட்டம் அதைச் சொல்கிறது. மீகாங் டெல்டாவில் 2030-க்குள் 10 லட்சம் ஹெக்டேரில், அதாவது சுமார் 25 லட்சம் ஏக்கரில், புதிய முறை பரவ வேண்டும். அதன் இலக்குகள்:

* விதை ஹெக்டேருக்கு 70 கிலோவுக்குள் (ஏக்கருக்கு 28 கிலோ).
* ரசாயன உரமும் பூச்சி மருந்தும் 30 சதவீதம் குறைவு.
* பாசன நீர் 20 சதவீதம் குறைவு.
* வைக்கோலை வயலில் எரிக்காமல் முழுவதும் சேகரித்துப் பயன்படுத்துதல்.
* விவசாயிக்கு 50 சதவீதத்துக்கு மேல் லாபம்.

முதலீடு எதற்கு?

ஒருவர் மட்டும் வயலைக் காயவிட நினைத்தால் நடக்காது. மேட்டு வயல் தண்ணீர் வந்துவிடும். எனவே வாய்க்கால், மதகு வசதிகளுக்கும் பயிற்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டியுள்ளது. விவசாயிகளைக் கூட்டுறவுச் சங்கங்களில் சேர்த்து, அரிசி நிறுவனங்களுடன் கொள்முதல் ஒப்பந்தம் செய்விப்பதும் திட்டத்தில் உண்டு. செலவு குறையாமலும் விலை கிடைக்காமலும் போனால், எந்த விவசாயியும் இரண்டாம் போகத்தில் இம்முறையைத் தொடர மாட்டார். திட்டத்தின் வெற்றி தோல்வி இதில்தான் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த முறையே

தண்ணீரைக் குறைக்க அங்கு கையாளும் முறை, திருந்திய நெல் சாகுபடியில் நம் விவசாயிகள் அறிந்த 'காய்ச்சலும் பாய்ச்சலும்' தான். ஓர் அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப் பாதியில் துளைகள் இட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் புதைக்க வேண்டும். குழாயின் உள்ளே இருக்கும் மண்ணை அகற்றிவிட வேண்டும். நட்டு இரண்டு வாரம் சென்றபின், குழாயில் நீர்மட்டம் வயல் மட்டத்துக்கு அரை அடி கீழே இறங்கியதும் 2 அங்குல உயரம் நீர் பாய்ச்சலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆகவே தண்ணீரைச் சிக்கனம் செய்வதால் மின் கட்டணம் குறைந்து பணம் மிஞ்சப் போவதில்லை. ஆனால் கிணற்றில் நீர் மிஞ்சும். கடைமடைக்கும் தண்ணீர் போய்ச் சேரும். வறட்சி ஆண்டில் அதன் மதிப்பை விவசாயி அறிவார்.