வெளியிடுமுன் கட்டிப் பார்த்தல்

இம்மலருக்குச் சங்கச் செய்யுள் பற்றியோ சமய நெறி பற்றியோ எழுதுவோமென எதிர்பார்த்த அன்பர்கள், தமிழாசிரியராகிய நாம் மென்பொருட் பொதியைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு வியப்புறக்கூடும். எனினும் இத்துறையிற் புகுந்துள்ள எம் பழைய மாணவர் பலராதலின், இஃது அவர்க்குப் பயன்படும் என்னுந் துணிவால் எழுதுகின்றோம்.

ஒருவர் இயற்றிய நிரலைப் பிறரும் தத்தங் கணினியில் நிறுவிக்கொள்ளுமாறு, வேண்டிய கோப்புகளையெல்லாம் ஒருங்கு சேர்த்துக் கட்டியதே பொதி எனப்படும். பைத்தன் மொழிப் பொதிகள், 2003 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பைப்பிஐ என்னும் பொதுப் பண்டகசாலையில் வைக்கப்படுகின்றன. அங்கே ஒரு விதி உண்டு. ஒரு பெயரும் பதிப்பெண்ணும் பெற்று ஏறிய கோப்பினை அழித்தாலும், அதே பெயரில் வேறொன்றை மீண்டும் ஏற்ற இயலாது. நேற்றுப் பெற்றவனும் இன்று பெற்றவனும் ஒன்றையே பெறல் வேண்டுமன்றோ? எனவே 1.0 பிழையாயின் 1.0.1 எனப் புதிய எண்ணிட்டே திருத்தம் வெளிவரல் வேண்டும்.

இவ்விதியை நாம் அறிந்தது வெட்கத்தோடுதான். மாணவர்க்குப் புணர்ச்சியிலக்கணப் பயிற்சி அளிக்குஞ் சிறு நிரலொன்றைப் பைத்தனில் எழுதினோம். சொற்கள் தனியொரு கோப்பில் இருந்தன. எமது மடிக்கணினியிற் பன்முறை இயக்கினோம், குற்றமின்றி ஓடியது. ஓரிரவு அதனை வெளியிட்டுவிட்டு நிம்மதியாக உறங்கினோம். மறுநாள் அயற் பாடசாலையொன்றில் நண்பராகிய ஆசிரியர், சாதாரண தர மாணவர் முன்னிலையில் அதனை நிறுவி இயக்க, கோப்பைக் காணவில்லை என்னும் ஆங்கில வாசகத்தோடு அது நின்றுவிட்டது. கணினியறை அவ்வகுப்புக்கு வாரத்தில் ஒரு பாடவேளை மட்டுமே கிடைக்கும். அன்று மாலை அவர் எம்மைக் கடிந்திலர். “மாஸ்டர், உங்கட கொம்பியூட்டரில ஓடினதோ?” என்று மட்டுங் கேட்டார்.

ஓடியது உண்மையே. ஆயின் ஓடியது எமது கோப்புறை, பொதியன்று. நாம் கையாண்ட செட்டப்டூல்ஸ் என்னுங் கருவி நிரற் கோப்புகளைத் தானே திரட்டும். சொற்பட்டியல் போன்ற பிற கோப்புகளை, இவையும் சேர்க எனக் குறித்தாலன்றிச் சேர்ப்பதில்லை. நாம் குறித்திலோம்.

இப்பொழுது நாம் செய்வது இது. ‘பில்ட்’ என்னுங் கருவியால் முதலிற் பொதியைக் கட்டுகின்றோம். அது மூலப்பொதியை ஆக்கி, அம்மூலப்பொதியிலிருந்தே ‘வீல்’ எனப்படும் நிறுவற்பொதியைத் தனிச்சூழலில் ஆக்குகின்றது. வீல் என்பது உண்மையிற் சிப் கோப்பேயாதலின், திறந்து உள்ளிருப்பவற்றை எண்ணிப் பார்க்கலாம். இதற்கு ஒரு நிமிடமும் செல்லாது. இவ்வொரு நிமிடத்தையன்றோ நாம் அன்று மிச்சம் பிடித்தோம்! பின்னர் ‘வென்வ்’ கொண்டு வெறுமையான சூழலொன்றை அமைத்து, வீலை அதில் நிறுவி, வேறு கோப்புறைக்குச் சென்று இயக்கல் வேண்டும். மூலக் கோப்புறையில் நின்றே இயக்கினால், பைத்தன் நிறுவிய பொதியை விடுத்து அருகிலுள்ள மூலத்தையே எடுத்துக்கொள்ளக்கூடும், சோதனை சோதனையாகாது. ஒத்திகைக்கெனப் பைப்பிஐயின் சோதனைத் தளமும் உண்டு. 1993 இல் தொடங்கிய டெபியன் திட்டத்தாரும் இவ்வாறே, ‘எஸ்பில்ட்’ முதலிய கருவிகளால், அடிப்படைப் பொருள்கள் மட்டுமே உள்ள சூழலிற் கட்டிப் பார்ப்பர். நெடுநாட் பழகிய கணினியிற் பல பொருள்கள் முன்னரே நிறுவப்பட்டிருத்தலின், குறிக்க மறந்த தேவை அங்கே வெளிப்படாது.

1.0.1 ஐ இங்ஙனம் கட்டியபின்னரும் எமக்கு அச்சம் நீங்கவில்லை. வெளியிடாது, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு நண்பரின் பாடசாலைக்கே சென்றோம். அங்கும் நின்றது! இம்முறை காரணம் வேறு. எமது லினக்ஸ் கணினி கோப்பினை யூடிஎஃப்-8 எனக் கொண்டு வாசித்தது. அங்கிருந்த விண்டோஸ் கணினியிற் பைத்தன் 1252 என்னும் பழைய எழுத்துப் பட்டியலைக் கொண்டு வாசித்தது. மெய்யெழுத்தின் புள்ளியைக் குறிக்கும் மூன்று பைட்டுகளில் இறுதியானதற்கு அப்பட்டியலில் இடமேயில்லை. தமிழாசிரியர் எழுதிய நிரல், புள்ளியைக் கண்டு நின்றது. கோப்பைத் திறக்கும் வரியில் யூடிஎஃப்-8 என வெளிப்படையாக எழுதி, அவ்வறையிலேயே மீண்டுங் கட்டி, நிறுவி, இயக்கினோம். அன்றிரவு 1.0.1 ஐ வெளியிட்டோம். நண்பரின் வகுப்புக்கு அடுத்த பாடவேளை வர இன்னும் இரண்டு நாள் இருந்தது.