கிணற்றடியில் ஒரு கணக்கு

திண்டுக்கல்லில் தோல்ஷாப் தெரியாதவர் இல்லை. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வரும். அந்த உப்பைக் கழுவி, சுண்ணாம்பில் ஊறவைத்து, பட்டைச் சாற்றிலோ குரோமிய உப்பிலோ பதனிடுவார்கள். பதனிட்ட தோல் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது. அந்தத் தீர்ப்பில் நம் ஊரும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கின்படி, குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 தோல்ஷாப் கழிவுநீரால் கெட்டிருந்தன.

கெட்டது தெரிந்துவிட்டது. எப்போது தேறும்? இன்னும் நல்ல தண்ணீர் தரும் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு எத்தனை வருஷம் தாங்கும்? தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் இன்றைய உப்பின் அளவுதான் வரும். வரப்போவதை அறியக் கணக்குப் போட்டாக வேண்டும்.

அந்தக் கணக்கைப் போட்டவர்கள் ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள். எம். தங்கராஜன் மேல் பாலாற்றுப் படுகையில் மாசு நகர்வதைக் கணினியில் கணித்து 1999இல் கட்டுரை எழுதினார். திண்டுக்கல் தோல்ஷாப் வட்டாரத்துக்கு என். சி. மண்டலும் வி. எஸ். சிங்கும் அதே வேலையைச் செய்தார்கள். 2005இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் அது வந்தது. கொடகனாறு வடக்கே அமராவதியை நோக்கிப் போகும் மேல்படுகை அவர்களுடைய களம்.

முறை இதுதான். படுகையின் வரைபடத்தைத் தாயக்கட்டம் போலக் கோடு போட்டுப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரவு செலவு: மழையால் இறங்கும் நீர், மோட்டார் இறைக்கும் நீர், பக்கத்துக் கட்டத்திலிருந்து வருவது, அங்கே போவது. கட்டத்துக்குக் கட்டம் எவ்வளவு நீர் போகும் என்பதற்கு பிரான்சின் டிஜோன் நகரத்துப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856இல் எழுதிய விதி உதவுகிறது. இத்தனை கட்டங்களையும் ஒரே நேரத்தில் தீர்க்கும் 'மாட்ஃப்ளோ' என்ற நிரலை அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை 1980களில் வெளியிட்டது. இன்றும் யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக் கிணறுகளுக்கு இது செய்திருக்கும் உதவி பெரியது என்பேன்.

இதுவரை வந்தது நீரின் இயற்பியல் மட்டும். நீர் ஓடும் வேகத்தை எடுத்து உப்பின் நகர்வைக் கணிக்கும் இன்னொரு நிரலிடம் கொடுக்க வேண்டும். உப்பு நீரோடு அடித்துச் செல்லப்படும். போகும் வழியில் பக்கவாட்டிலும் பரவும். மூன்றாவதாக வேதியியல் சேரும். குரோமியத்தின் பெரும்பகுதி மண்ணில் ஒட்டிக்கொள்ளும். குளோரைடு எங்கும் நிற்காமல் நீரோடு போய்க்கொண்டே இருக்கும். இப்படிப் பல விதிகளைக் கோத்துக் கணிப்பதைத்தான் விஞ்ஞானிகள் மல்டிபிசிக்ஸ் என்கிறார்கள். கோத்தால்தான் உண்மை தெரியும். ஒருவர் புதிதாகப் போர் போட்டு இரவு பகலாக இறைத்தால் நீரோட்டத்தின் திசையே அவர் பக்கம் திரும்பும், உப்பும் பின்னாலேயே வரும். கடலோரத்தில் கோர்வை இன்னும் இறுகும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் ஏறும் கடல்நீர் கனமானது. அந்தக் கனமே ஓட்டத்தை மாற்றுவதால் இரண்டு கணக்கையும் சேர்த்தே தீர்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மண்ணின் நீர்கடத்தும் திறன் நாளுக்கு 2 மீட்டர், நீர்மட்டச் சரிவு கிலோமீட்டருக்கு 5 மீட்டர், நீர் ஓடும் இடைவெளி நூற்றுக்கு 5 பங்கு என்று வைத்துக்கொள்வோம். நீர் நாளுக்கு 20 செ.மீ. நகரும், ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ 14 ஆண்டு. அப்படியானால் தோல்ஷாப்பின் கழிவுநீரை இன்று முழுக்க அடைத்தாலும் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றுக்கு அந்தச் செய்தி போய்ச்சேர அத்தனை ஆண்டு ஆகும். நடுவில் கிடக்கும் உப்பு அதுவரை வந்துகொண்டுதான் இருக்கும். "ஷாப்பைத்தான் மூடிட்டாங்களே, தண்ணி ஏன் இன்னும் உப்பா இருக்கு?" என்று கேட்கும் விவசாயிக்கு ஒளிக்காமல் சொல்லக்கூடிய பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. நம் நிலத்தடி கடினப்பாறை. மேலே சிதைந்த பாறை, கீழே வெடிப்புகள். ஒரு வெடிப்பு நல்ல வேகத்தில் கடத்தும். பத்தடி தள்ளிச் சொட்டு நீர் இருக்காது. கட்டம் முழுக்க ஒரே எண்ணைப் போடும் கணக்குக்கு அது பிடிபடாது. கிணறுகளில் அளந்த நீர்மட்டத்தோடு கணினி சொல்வதை ஒப்பிட்டு எண்களைத் திருத்தும் வேலை அதனால்தான் நீண்டுகொண்டே போகிறது. என் பார்வையில் அந்தத் திருத்தம்தான் விஞ்ஞானியின் திறமைக்கு உரைகல்.

ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி அதன் தாக்கத்தை அளக்கும் வழக்கம் உண்டு. நீர் மாதிரி விஷயத்தில் எனக்கு அது போதாது. எந்தப் பக்கம் புதுப் போர் போடக் கூடாது, எந்தக் கிணற்றைக் குடிநீருக்கு நம்பலாம் என்ற வரைபடம் கிராம சபைக்குத் தமிழில் வர வேண்டும். கிராமமும் பதிலுக்குத் தரக்கூடியது ஒன்று உண்டு: கோடையில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு தடவை, கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து நோட்டில் எழுதிவைப்பது. கணக்கைத் திருத்த உட்காரும் விஞ்ஞானி முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.